‘தெரியவில்லை’ என்னும் சொல்லும் கைப்பேசிக் கண் சோதனையும்

எண்ணையும் எழுத்தையும் கண் என்று போற்றுவது நம் மரபு. எழுத்தறியாதவனைக் கண்ணிருந்தும் காணாதவன் என்று சொல்வதும் அம்மரபின் மறுபக்கமே. ஆனால் எழுத்து கண்ணாகும் முன்னர், கண் எழுத்தைக் காண வேண்டும் அன்றோ? அந்த முதற்படியைப் பற்றித் தமிழாசிரியர்களாகிய நாம் அதிகம் எழுதியதில்லை. அது மருத்துவர் துறை என்று விட்டுவிட்டோம். இன்று அந்தத் துறை, கைப்பேசி என்னும் உருவில், நம் சட்டைப்பையிலேயே வந்து அமர்ந்திருக்கிறது. கண்ணின் கூர்மையை அளக்கவும், விழித்திரையைப் படமெடுக்கவும், குழந்தையின் கண்ணில் கட்டி உண்டா என்று ஐயுறவும் செயலிகள் வந்துவிட்டன. ஒரு நூல் வெளிவந்தால் அதன் நோக்கம் யாது, மொழி எத்தகையது, யாருக்குப் பயன்படும் என்று திறனாய்கிறோம். மக்களிடம் பேச வந்த இந்தக் கருவிகளையும் அவ்வாறே திறனாய்வது தகும் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘தெரிதல்’ என்பதற்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கண்ணுக்குப் புலப்படுதல் ஒன்று. அறிவுக்கு எட்டுதல் மற்றொன்று. “மலை தெரிகிறது” என்கிறோம். “கணக்குத் தெரியும்” என்றும் சொல்கிறோம். சொல் ஒன்று, செய்தி இரண்டு. காண்பதையும் அறிவதையும் ஒரு வினையில் அடக்கிய முன்னோரின் நுட்பத்தை வியக்கலாம். ஆனால் வகுப்பறையில் இந்நுட்பமே குழப்பத்துக்கும் இடமாகிறது. பலகையில் எழுதி, “இது என்ன எழுத்து?” என்று கேட்கிறோம். கடைசி வரிசைப் பிள்ளை எழுந்து, “தெரியல சார்” என்கிறது. ஆசிரியர் செவியில் விழுவது இரண்டாம் பொருள் மட்டுமே. பிள்ளைக்கு எழுத்து கற்பிக்கப்படவில்லை, அல்லது கற்பித்தும் மனத்தில் நிற்கவில்லை என்று முடிவு கட்டுகிறோம். அந்தப் பிள்ளை முதற்பொருளில் சொல்லியிருந்தால்? ஆறு வயதுக் குழந்தைக்குத் தன் பார்வை மங்கல் என்று எவ்வாறு தெரியும்? உலகமே அப்படித்தான் என்று அது எண்ணிக்கொண்டிருக்கும். பிறர் கண் கொண்டு பார்த்து ஒப்பிட அதற்கு வழியில்லை.

இந்த இரு பொருளையும் பிரித்துக் காட்டுவதே கண் சோதனையின் வேலை. இதனை அளவுகோலாகக் கொண்டே இக்கருவிகளை நோக்குவோம்.

கண்ணை எழுத்தால் அளக்கும் முறை டச்சு மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862இல் வெளியிட்ட அட்டையிலிருந்து பரவியது. அதன் கணக்கு எளியது, அழகானது. ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கலை. நல்ல பார்வையுடைய கண் ஒரு கலை அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும். எனவே ஆறு மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும்போது, கோடு ஒரு கலையும் முழு எழுத்து ஐந்து கலையும் அமையுமாறு எழுத்தை வரைந்தார்கள். அவ்வெழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். அதைப் படிப்பவரின் பார்வை 6/6. நல்ல கண் பதினெட்டு மீட்டரில் படிப்பதை ஆறு மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது என்றால் 6/18. நம் கிளினிக் அட்டைகளில் எழுதித் தரப்படும் இந்தப் பின்னத்தைப் பலர் மதிப்பெண் என்று எண்ணுகிறார்கள். அது மதிப்பெண் அன்று, தொலைவு.

இந்த அட்டையைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்த செயலிகள் பல. அவற்றுள் முறையாகச் சோதித்து வெளியிடப்பட்டவை சிலவே. ‘பீக் அக்யூட்டி’ என்பது அச்சிலவற்றுள் ஒன்று. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த கண் மருத்துவர் ஆண்ட்ரூ பஸ்தாவ்ரஸ் குழுவினர் கென்யாவின் நகுரு வட்டாரத்தில் இதனைச் சோதித்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். 55 வயதும் அதற்கு மேலும் ஆன முந்நூறு பேரை வைத்துப் பார்த்ததில், கைப்பேசியின் அளவும் நிலையான அட்டையின் அளவும் பெரிதும் ஒத்திருந்தன. ஒரு சோதனைக்கு ஆன சராசரி நேரம் கைப்பேசியில் 77 நொடி. ஸ்நெல்லன் அட்டையில் 82 நொடி. நேரத்தில் பெரிய ஆதாயம் இல்லை. ஆதாயம் வேறிடத்தில் இருக்கிறது.

அந்தச் செயலி காட்டுவது ஆங்கில எழுத்தாகிய ‘ஈ’ ஒன்றே. அது எழுத்தாக அங்கே நிற்கவில்லை; மூன்று விரல் நீட்டிய கை போல, வெறும் வடிவமாக நிற்கிறது. திறந்த பக்கம் மேலோ கீழோ இடமோ வலமோ திரும்பி இருக்கும். பார்ப்பவர் எந்தப் பக்கம் என்று கையால் காட்டுகிறார். சோதிப்பவர் அவர் காட்டிய திசையில் திரையைத் தடவுகிறார். சரியா தவறா என்பதைக் கருவியே முடிவு செய்து, அடுத்த வடிவத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ காட்டுகிறது. சோதிப்பவர் விடையை அறிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின்பால் இரக்கம் கொண்டு, “நன்றாகப் பார்” என்று குறிப்புக் காட்டவும் வழியில்லை. இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதால் 6/6க்கு உரிய வடிவம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருந்தாற் போதும். சிறு திரையே அதற்கு இடம் கொடுக்கிறது.

“நம் எழுத்து இருக்க, அந்த ‘ஈ’ எதற்கு?” என்று தமிழன்பர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். தமிழ் எழுத்தாலும் அளக்கலாம். சென்னையைச் சேர்ந்த பார்வையியல் ஆய்வாளர்கள் தமிழ் எழுத்துகளைக் கொண்டு அளவு வழுவாத அட்டை ஒன்றை அமைத்துச் சோதித்து 2009இல் ஆய்வுரையாகவே வெளியிட்டுள்ளனர். ஆனால் அப்பணி எத்துணைக் கடினம் என்பதை எழுத்துக் கற்பிக்கும் நாம் எளிதில் உணரலாம். ‘ட’வும் ‘ப’வும் நேர்கோட்டு எழுத்துகள்; ஒரு கோடு கூடினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். ‘ண’வும் ‘ன’வும் சுழியின் எண்ணிக்கையால் மட்டும் வேறுபடுவன. ‘ஞ’ அகலத்தால் அண்டை எழுத்தின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரே உயரத்தில் எழுதினாலும் ஓர் எழுத்து எளிதாகவும் ஓர் எழுத்து அரிதாகவும் படும். ஆங்கிலத்திலும் இதே தொல்லை உண்டு. 1959இல் லூயிஸ் ஸ்லோன் என்னும் அம்மையார், தெளிவில் ஏறத்தாழ நிகரான பத்து எழுத்துகளைப் பொறுக்கி எடுத்தே அட்டை அமைத்தார். இருபத்தாறில் பத்துத்தான் தேறின!

என் கருத்து இது. எழுத்துப் பழகியவர்களுக்குத் தமிழ் அட்டை வேண்டும். கிட்டப் படிக்கும் பார்வையை அளக்கவும் அதுவே தக்கது. நாளிதழையும் மருந்துச் சீட்டையும் படிக்க இயலுமா என்பதை ‘ஈ’ எவ்வாறு சொல்லும்? ஆனால் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும், பள்ளி வாசலை மிதியாத தோட்டத்து மூதாட்டிக்கும் எழுத்து அட்டை ஆகாது. ‘ண’வைக் காட்டி, “தெரியல” என்ற விடை வந்தால் பழைய ஈரடிக் குழப்பமே மீளும். கண் காணவில்லையா, மனம் அறியவில்லையா? வடிவத்தைக் காட்டிக் கையை நீட்டச் சொன்னால் இரண்டாம் பொருளுக்கு அங்கே வேலையே இல்லை. இட வலம் சொல்லத் தடுமாறும் சிறுவனும் கையை நீட்டத் தடுமாறான். எழுத்தைக் கழித்துவிட்டுக் கண்ணை மட்டும் கேட்கும் இந்த எளிமையே அச்செயலியின் தலையாய சிறப்பு என்பேன். தமிழ்ப்பற்று இதற்குத் தடையாக நிற்க வேண்டுவதில்லை.

நகுருச் சோதனை கருவியை அளந்தது. கருவி சரியாக அளந்துவிட்டால் போதுமா? அளந்தபின் என்ன நடக்கிறது என்பதை அதே கென்யாவில் மற்றொரு சோதனை அளந்தது. நம் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது அதுவே. 2018இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் அதன் முடிவு வந்தது. டிரான்ஸ் என்சோயா மாவட்டத்தின் ஐம்பது தொடக்கப்பள்ளிகள். ஏறத்தாழ 21,000 பிள்ளைகள். கண்ணைச் சோதித்தவர்கள் மருத்துவர்களோ தாதியரோ அல்லர், பள்ளி ஆசிரியர்கள். பாதிப் பள்ளிகளில் கைப்பேசி முறை. மறு பாதியில் அட்டையும் எழுதிக் கொடுக்கும் சீட்டும். மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் உண்மையில் போய்ச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். அட்டை முறையில் நூற்றுக்கு 22. கைப்பேசி முறையில் நூற்றுக்கு 54.

இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? இங்கே கருவியின் கூர்மைக்கு வேலை குறைவு. கைப்பேசி முறையில் பெற்றோருக்கு ஒரு படம் சென்றது. “உங்கள் பிள்ளையின் கண்ணுக்கு உலகம் இவ்வாறு தோன்றுகிறது” என்று மங்கிய காட்சியையும், நல்ல கண் காணும் காட்சியையும் அருகருகே காட்டும் படம். பிறகு, மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று நினைவூட்டும் குறுஞ்செய்திகள் சென்றன. பிறர் கண் கொண்டு காண வழியில்லை என்று மேலே சொன்னேனே, அந்த வழியை அப்படம் தாய்க்குத் திறந்துவிட்டது. தாய் தன் குழந்தையின் கண்ணால் ஒரு கணம் பார்த்தாள். பேருந்துக் கட்டணத்தைத் தேடினாள். ஆயினும் அங்கும் நூற்றில் 46 பேர் போகவில்லை என்பதை மறந்து கொண்டாட வேண்டா.

இதனை நம் நிலத்தில் வைத்துப் பார்ப்போம். மலாக்கா மாநிலத்தில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களில் பல பள்ளிகள் இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் பல இடங்களில் இல்லை. பெற்றோர் ஆயர் குரோ போன்ற தொழிற்பேட்டைகளில் முறை வேலை பார்க்கிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் மாலையில் வரவேற்பதும் பாட்டியே. பள்ளிச் சுகாதாரக் குழு வருகிறது. பிள்ளைகளின் கண்ணைப் பார்க்கிறது. குறை கண்டால் சீட்டு எழுதித் தருகிறது. அவர்கள் கடமையை அவர்கள் செய்கிறார்கள். சீட்டு மலாயில் இருக்கும். அது நாட்டின் மொழி, அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் வீட்டில் அதைக் கையில் வாங்குபவர் யார்?

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஒரு மாணவி பலகையைப் பாராமல் அடுத்தவள் ஏட்டைப் பார்த்தே எழுதுவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். படிப்பில் பின்தங்கியவள் என்று பெயர். சோதித்தபோது கிட்டப்பார்வை என்று தெரிந்தது, சீட்டும் போயிற்று. மூன்று மாதம் கழித்தும் கண்ணாடி வரவில்லை. வீட்டுக்குச் சென்று கேட்டபோது பாட்டி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். அரசாங்க முத்திரை இருந்ததால் பேத்திக்குக் கிடைத்த நற்சான்றிதழ் என்று வைத்திருந்தாராம். “படிச்சுச் சொல்ல ஆள் இல்லையே தம்பி” என்றார். அந்த அம்மையார்மேல் என்ன குற்றம்? சோதனை சரியாக நடந்தது, அளவு சரி, முத்திரையும் சரி. செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை.

ஆகவே ஒரு கண் செயலியை மதிப்பிடுவோர் அதன் திரையை மட்டும் பார்த்தல் போதாது. திரைக்குப் பிறகு அது என்ன பேசுகிறது, யாரிடம் பேசுகிறது, எந்த மொழியில் பேசுகிறது என்று பார்க்க வேண்டும்.

பிள்ளைகளின் நிலை இது. பெரியவர்களின் நிலை இன்னும் அஞ்சத்தக்கது. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே மிகுதி, நூற்றுக்கு 31.4. இனிப்புநீர் என்று நாம் மென்மையாகச் சொல்லும் இந்நோய், விழித்திரையின் நுண்ணிய குருதிக்குழாய்களைச் சிதைக்கிறது. தொடக்கத்தில் வலி இல்லை, மங்கல் இல்லை. பார்வை குறைகிறது என்று நோயாளி உணரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இங்கே ‘தெரிதல்’ இரு பொருளிலும் பொய்த்துவிடுகிறது: கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது, கண்ணுக்குள் நடப்பது தெரியவில்லை. அதனால்தான் நீரிழிவு என்று அறிந்தவுடனே ஒரு முறையும், பிறகு மருத்துவர் குறிக்கும் இடைவெளியிலும் விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

விழித்திரையைக் காணும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அளித்தார். அதன் பிற்கால வழித்தோன்றல்தான் கைப்பேசியோடு பொருத்தப்படும் விழித்திரைப் படக்கருவி. கைப்பேசியின் படக்கண்ணும் தக்க ஒளியும் வில்லையும் சேர்ந்து, பெரிய மேசைக் கருவி செய்வதைக் கையடக்கத்தில் செய்கின்றன. பெங்களூரு நிறுவனமாகிய ரெமிடியோ அமைத்த இத்தகைய கருவியைச் சென்னையில் டாக்டர் மோகனின் நீரிழிவு மருத்துவமனையார் 296 நோயாளிகளிடம் பயன்படுத்தினர். படங்களைக் கணினி மென்பொருளே படித்து நோய் உண்டா இல்லையா என்று சொல்லியது. 2018இல் வந்த அவ்வாய்வின்படி, விழித்திரை நோய் உடையவர் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பேரை மென்பொருள் கண்டுபிடித்தது. பார்வையைப் பறிக்கும் அளவுக்கு முற்றிய நோயில் நூற்றுக்கு 99.

இவை பெரிய எண்கள். ஆனால் அவற்றோடு வரும் மற்றோர் எண்ணைப் பலர் சொல்லாமல் விடுவார்கள். நோய் இல்லாதவரை ‘இல்லை’ என்று சரியாகச் சொன்னது நூற்றுக்கு 80 அளவில்தான். அஃதாவது, நோயற்ற நூறு பேரில் இருபது பேர் கண் மருத்துவரிடம் வீணே அனுப்பப்படுவர். மருத்துவமனையின் பக்கத்தில் இருப்பவருக்கு இருபது என்பது சிறிய தொல்லை. தோட்டத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டு, வண்டி பிடித்து, பட்டணத்துப் பெரிய மருத்துவமனையில் காலை முதல் காத்திருப்பவருக்கு அது சிறியது அன்று. “ஒன்றுமில்லை, போங்கள்” என்று அனுப்பப்பட்டவர் அடுத்த முறை அழைத்தால் வருவாரா? இருப்பினும் பார்வையை இழப்பதோடு ஒப்பிட்டால் வீண் அலைச்சலை ஏற்கலாம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதனை முன்கூட்டிச் சொல்லி அனுப்ப வேண்டும்: “இது முடிவு அன்று, ஐயம். ஐயத்தைத் தீர்க்கவே அனுப்புகிறோம்.”

ஆய்வுக்கூடத்து எண் வேறு, கிளினிக்கின் நடப்பு வேறு என்பதற்குத் தாய்லாந்து ஒரு பாடம். கூகுள் நிறுவனத்தார் தங்கள் மென்பொருளை அங்கே பதினொரு கிளினிக்குகளில் வைத்துப் பார்த்து, கண்டதை மறைக்காமல் 2020இல் எழுதினார்கள். அங்கே இருந்தவை மேசைக் கருவிகளே. முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,800க்கும் மேற்பட்ட படங்களில் நூற்றுக்கு 21ஐ மென்பொருள் படிக்க மறுத்துவிட்டது. அறை போதிய இருளாக இல்லை; படம் தெளிவாக இல்லை. மறுத்தால் நோயாளியை வேறோர் நாள் வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும். படத்தைத் தாதி கண்ணால் பார்த்தாலே நன்றாக இருக்கிறது என்று தோன்றும் இடத்திலும் கருவி பிடிவாதம் பிடித்தது. மேசைக் கருவிக்கே இந்த நிலை என்றால், நடுங்கும் கையில் பிடிக்கும் கைப்பேசிக்கு எத்துணைப் பயிற்சி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பாவை சிறுத்த கண்ணிலும், கண்புரை படர்ந்த கண்ணிலும் படம் தெளியாது. நம் முதியோருக்குப் பெரும்பாலும் இரண்டும் உண்டு.

இக்குறைகளைக் கண்டு, “கைப்பேசி வைத்தியம் ஏமாற்று” என்று தள்ளும் நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்களுக்கு மதுரையைக் காட்டுவேன். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நூற்றுக்கு மேற்பட்ட பார்வை மையங்களைப் பரப்பியிருக்கிறது. அங்கே மருத்துவர் அமர்ந்திருப்பதில்லை. பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்தே வந்து பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். தொலைவில் இருக்கும் மருத்துவர் கணினித் திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். கருவிக்கு முன்னும் பின்னும் ஆள் இருக்கிறார். அவர் நோயாளியின் மொழியில், அந்த ஊர்ப் பேச்சிலேயே, “அம்மா, கண்ணுக்குப் பின்னாடி இரத்தக்குழாய் கசியுது, இப்போ பார்த்தா சரி பண்ணிடலாம்” என்று சொல்லக்கூடியவர். தமிழர் நடத்திக் காட்டிய இந்த ஏற்பாட்டில் கருவி கருவியாகவே இருக்கிறது. நம் நாட்டிலும் விழித்திரைப் படக்கருவி வைத்திருக்கும் சுகாதார கிளினிக்குகள் உண்டு. நமக்குக் குறைவாக இருப்பது அந்த இரண்டாவது ஆள்.

இடையே ஒரு செயலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷா, தம் மகனுக்கு விழித்திரைப் புற்று வந்தபின், பழைய குடும்பப் படங்களில் அப்பிள்ளையின் கண்மணி வெள்ளையாக ஒளிர்ந்திருப்பதைக் கண்டார். அதனைத் தானே தேடும் செயலியை அமைத்தார்கள். ஆங்கிலத்தில் அதற்குத் தொட்டில் என்று பொருள்படும் ‘கிரேடில்’ என்று பெயர். பெயரிடுவோர் இப்படிப் பெயரிட வேண்டும்! 2019இல் வெளியான ஆய்வில், கண்ணோய் கண்ட இருபது குழந்தைகளில் பதினாறு பேரின் படங்களில் மருத்துவர் கண்டறிவதற்கு முன்பே, சராசரி 1.3 ஆண்டு முந்தியே, அவ்வெள்ளை ஒளியைச் செயலி காட்டியிருக்கிறது. நால்வரைத் தவறவிட்டது என்பதையும் கூடவே படிக்க வேண்டும். செயலி ‘இல்லை’ என்பதால் இல்லை என்று ஆகாது. “பூனைக்கண்” என்று செல்லமாகச் சொல்லி விட்டுவிடக்கூடிய நம் வீடுகளில், படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னினால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற ஒரு செய்தி பரவினாலே போதும். அதற்குச் செயலிகூட வேண்டா. கண்ணாடியை ஒழிக்கும் பயிற்சி என்று விளம்பரம் செய்யும் செயலிகளைப் பற்றியோ எழுதத் தாளை வீணாக்க விரும்பவில்லை.

இனித் தமிழைப் பற்றி. ஆங்கிலச் செயலிகளைக் கணினியே தமிழாக்கும் காலம் இது. சோதனையில் நோய்க்குறி இருந்தால் ஆங்கிலத்தில் ‘பாசிட்டிவ்’ என்பார்கள். கணினித் தமிழில் அது ‘நேர்மறை’ ஆகிவிடும். நேர்மறை என்றால் நன்று என்றே நம் மக்கள் கொள்வர். மேடைதோறும் நேர்மறை எண்ணம் வேண்டும் என்றுதானே பேசுகிறோம்! விழித்திரை சிதைந்திருக்கும் ஒருவர், முடிவு நேர்மறை என்று படித்து மகிழ்ந்து வீட்டுக்குப் போவார். ‘ரிஃபர்’ என்பதைப் ‘பார்க்கவும்’ என்று மாற்றினால், எதைப் பார்ப்பது? திரையையா, மருத்துவரையா? நூல்களில் இத்தகைய மொழிபெயர்ப்பு நகைப்போடு போகும். இங்கே கண்ணோடு போகும். கலைச்சொல் இல்லாமையால் வந்த குறையும் அன்று இது. விழித்திரை, கண்புரை, கண் நீர் அழுத்தம் என நல்ல சொற்கள் உள்ளன. சொல்லைச் சொற்றொடராக்கும் இடத்தில்தான் தமிழறிந்தவர் தேவைப்படுகிறார். ‘கண்ணோட்டம்’ என்பது இரக்கத்தைக் குறித்த சொல். திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்கே பெயர். இன்று அது வெறும் கருத்து நிலையைக் குறிக்கத் தேய்ந்துவிட்டது. கண் செயலிக்குத் தமிழ் எழுதுவோர் அப்பழைய பொருளை மனத்தில் இருத்தலாம்.

ஆசிரியர்கள் கண் மருத்துவர் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கண்ணாடியின் அளவைக் குறிப்பதும் நோயை முடிவு செய்வதும் உரியவர் வேலை. பிள்ளைகளின் கண் படங்களை எடுத்து எங்கோ அனுப்பும் செயலிகளைப் பெற்றோர் இசைவின்றித் தொடுவதும் கூடாது. ஆயினும் பயிற்சி பெற்ற ஆசிரியர் கைப்பேசியில் அந்த ‘ஈ’யைக் காட்டி ஒரு பிள்ளையைச் சோதிக்க ஒன்றரை நிமிடம் போதும் என்பது கென்யாவில் தெளிந்த உண்மை. முப்பது பேர் வகுப்பு ஒரு காலையில் முடியும். பெயர்ப் பட்டியலைச் சுகாதாரக் குழுவிடம் தரலாம். பிறகு வீட்டுக்குப் போகும் சீட்டு.

அந்தச் சீட்டைத் தமிழில் எழுத முயன்றபோதுதான் நம் சொல்லின் ஈரடித் தன்மையை முழுதும் உணர்ந்தேன். “உங்கள் பிள்ளைக்குப் பலகையில் உள்ள எழுத்து தெரியவில்லை” என்று முதலில் எழுதினால், பிள்ளை மக்கு என்று பள்ளி புகார் அனுப்பியதாகவே தாய் கொள்வாள், அடியும் விழலாம். ‘பார்வைக் குறைபாடு’ என்று எழுதினால் குருடோ என்று அஞ்சுவாள். பலமுறை மாற்றி எழுதிய பின் நின்றவை ஏழு தொடர்கள். மலாய்ச் சீட்டோடு இதனையும் இணைத்து, படிக்க இயலாத பாட்டிமார்க்குக் கைப்பேசியிலேயே குரலில் பதிந்து அனுப்பலாம். கேட்க அரை நிமிடம்கூட ஆகாது. சக ஆசிரியர்கள் இதனைத் திருத்தித் தரின் மகிழ்வேன்:

“உங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கக்கூடியவள். தூரத்தில் இருப்பது அவள் கண்ணுக்கு மங்கலாகப் படுகிறது. இது அவள் குற்றம் அன்று. பெரும்பாலும் கண்ணாடி போட்டால் சரியாகும். இந்த மாதத்துக்குள் இந்தச் சீட்டோடு கண்ணைக் காட்ட அழைத்துச் செல்லுங்கள். போய் வந்ததும் வகுப்பாசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவளை முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறோம்.”